அம்பு ஒட்டாத படம்

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே தன் ஷூவை எங்கே விடுவது என்று இடம் தேடிக் குனிந்திருந்தான் சின்னவன். தோளில் ஒரு கை விழுந்தது. நிமிர்ந்தால் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர். துக்க வீட்டில் சொல்ல வேண்டியது எதையும் அவர் சொல்லவில்லை. அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு காதருகே வந்தார்.

"தம்பி, நீங்களாவது சொல்லிடுங்க. அது எங்கதான் இருக்கு?"

"எதுங்க?"

"அதான் தம்பி, அந்தப் புலி. புலின்னா உங்கப்பாவுக்குக் கோவம் வரும். சிறுத்தை. பனிச்சிறுத்தை. எத்தனை தடவ பெருசு பண்ணிக் குடுத்திருக்கேன் தெரியுமா? கடைக்கு வர்றவன் போறவன் எல்லாரையும் பாக்கச் சொல்லியாச்சு. ஒருத்தன் கண்ணுக்கும் சிக்கல. அவரு போய்ட்டாரு. எனக்காவது தெரியணும்ல?"

சின்னவனுக்கு ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ். அப்படியே நின்றான். இரவு முழுக்கப் பேருந்தில் வந்தபோது அப்பாவைப் பற்றி என்னென்னவோ நினைத்தான். இதை மட்டும் நினைக்கவில்லை. மறக்கப் பாடுபட்டு, ஏறக்குறைய மறந்தே போயிருந்த ஒரு பொய், அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

"அப்புறம் சொல்றேங்க," என்றான்.

"அவசரமில்ல தம்பி. காரியமெல்லாம் முடியட்டும்," என்று கடைக்காரர் கையை விட்டார்.

கூடத்தில் அப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி. முகச்சவரம் செய்து, தலை சீவி, அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இல்லாத ஒழுங்கில் இருந்தார். தலைமாட்டில் அம்மா. அவனைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல், கையை மட்டும் நீட்டினாள். அவன் போய் அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுகை வந்தது. அது எந்தக் கணக்கில் வந்த அழுகை என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

தலையைத் தூக்கியபோது சன்னலோர மேசை கண்ணில் பட்டது. அப்பாவின் மேசை. கம்பெனியில் இருந்ததைப்போலவே உத்தரத்திலிருந்து சங்கிலி போட்டுத் தாழ்வாகத் தொங்கவிட்ட குழல் விளக்கு. பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. அதன் வெளிச்சத்தில், மேசை முழுவதையும் மூடிக்கொண்டு, ஒரு மலைச்சரிவு கிடந்தது. சாம்பல் நிறப் பாறை, பழுப்புப் புல், அங்கங்கே அழுக்குப் பனி. நாலைந்து தாள்களை ஒட்டிச் சேர்த்து ஒரே படமாக்கியிருந்தார்.

அவன் எடுத்த படம்தான். ஓடுகிற ஜீப்பின் சன்னல் வழியாக எடுத்தது.

சட்டைக் கம்பெனியில் அப்பா செக்கராக இருந்தார். தைத்து முடித்த சட்டை அவர் மேசைக்கு வரும். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், பிறகு உள்பக்கம். நூல் பிரிந்திருந்தால், தையல் தாவியிருந்தால், ஊசிமுனை அளவு எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்டிக்கர்தான், சுருள் சுருளாகக் கம்பெனியே கொடுக்கும். தைப்பவர்கள் அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். வசவாக வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். போனில் கூட, "யாரு பேசறது?" என்றால், "கழுகு" என்பார்.

அந்தச் சுருள் வீட்டுக்கும் வந்துவிடும். சுவரில் விரிசல் விட்டால் அம்பு. அக்கா கணக்கில் தப்புப் போட்டால் அம்பு. சோற்றில் முடி கிடந்தால் தட்டின் விளிம்பில் அம்பு; அன்று முழுக்க அம்மா பேசமாட்டாள். மீசை முளைத்த புதிதில் சவரம் செய்துவிட்டு மிடுக்காக வந்து நின்ற சின்னவனின் தாடையில் ஒரு அம்பு. சின்ன வயதில் அவன் பொய் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிடம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நெற்றியில் ஒன்றை ஒட்டுவார். "இந்த எடத்துல நூல் பிரிஞ்சிருக்குடா" என்பார். அவ்வளவுதான் தண்டனை. அடித்ததே இல்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று அவனுக்கு அப்போதே தோன்றியதுண்டு.

வேலையை விட்டு வந்தபின் அவருடைய கண்ணுக்குத் தீனி இல்லாமல் போயிற்று. தொலைக்காட்சியில் காட்டு விலங்குகளைப் பார்க்க ஆரம்பித்தார். அதிலும் வடக்கே ஒரு பனிமலைக் காடு அவரைப் பிடித்துக்கொண்டது. கஸ்தூரி மான், பழுப்புக் கரடி, செங்குத்துப் பாறையில் நிற்கும் நீல ஆடு, எல்லாமும் பிடிக்கும். ஆனால் பனிச்சிறுத்தை என்றால் தனி. "கல்லோட கல்லா இருக்கும்டா. எதுத்தாப்ல நின்னாலும் தெரியாது. அதக் கண்டுபிடிக்கிறவன்தான் செக்கர்," என்பார். போய்ப் பார்க்க ஆசை, நெஞ்சு ஒத்துக்கொள்ளாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்த உயரத்துக்கு அவரை யார் அனுப்புவார்கள்?

சின்னவன் பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அந்த வருடம் நன்றாக விற்ற கடைக்காரர்களைக் கம்பெனி சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிற்று. கூட்டிப்போகிற பொறுப்பு அவனுடையது. இடம் அதே காடு. அப்பாவிடம் போனில் சொன்னான். இரண்டு நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பைனாகுலர். உறையின் மேல் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது, கண் வைக்கும் பக்கத்தைக் காட்டி.

"எனக்குப் பதிலா நீ பாத்துட்டு வா," என்றார் போனில். "நல்லாப் பாரு. வந்து சொல்லணும்."

அவனும் நல்ல எண்ணத்தோடுதான் போனான். அந்தக் காடு அப்படிப்பட்ட இடம். ஆற்றை ஒட்டி ஜீப் போகும். அக்கரையில் சுவர் மாதிரி மலை எழும்பி நிற்கும். வழிகாட்டி ஒரு சின்ன உருவம். வெயிலிலும் பனியிலும் வெந்த முகம். முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பேசாமல் இருப்பான். யாராவது சத்தமாகச் சிரித்தால் உதட்டில் விரலை வைப்பான். நீல ஆடுகளைப் பார்த்தார்கள். அவை நீலமாக இல்லை என்று ஒரு கடைக்காரர் குறைபட்டுக்கொண்டார். பெயிண்ட் விற்கிறவருக்கு அது பெரிய மோசடியாகப் பட்டது. மயிலையும் கோழியையும் கலந்ததுபோல மின்னுகிற ஒரு பறவையைப் பார்த்தார்கள். ஈர மண்ணில் பதிந்த கால்தடத்தைப் பார்த்தார்கள். மொத்தப் பேரும் அதன் பக்கத்தில் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிறுத்தை மட்டும் அகப்படவில்லை. தினமும் சாயங்காலம் அப்பாவின் போன் வரும். "பாத்தியா?" "இன்னும் இல்லப்பா." "பரவால்ல. அது அவ்ளோ லேசுல வராது." குரலில் ஏமாற்றத்தை மறைக்க அவர் படும் பாடு இவனுக்குக் கேட்கும்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு விடுதி அறையில் சீட்டுக் கச்சேரி. குளிருக்கு என்று ஆரம்பித்த குடி, குளிர் போனபின்னும் நிற்கவில்லை. விடிவதற்கு முன் வழிகாட்டி கதவைத் தட்டினான். வந்திருக்கிறது, எதிர்ச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது என்று அவன் பாஷையிலும் கையிலுமாகச் சொன்னான். கடைக்காரர்கள் போர்வையோடு ஓடினார்கள். ஒருவர் சின்னவனின் காலைப் பிடித்து உலுக்கினார். "அஞ்சு நிமிஷம்," என்றான் அவன். கம்பளி கதகதப்பாக இருந்தது. தலை கனத்தது. பைனாகுலர் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

விழித்தபோது அறை நிறைய வெயில். திரும்பி வந்தவர்கள் கோயிலுக்குப் போய் வந்தவர்களைப்போலச் சத்தமில்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். தூக்கமூட்டை என்று பெயர் வைத்து, ஜீப்பில் ஏறி இறங்கும்வரை விடவில்லை. ஒருவர் தொலைநோக்கியின் வாயில் போனை வைத்துப் படம் எடுத்திருந்தார். கலங்கலான படம்தான், ஆனால் அதில் சிறுத்தை இருந்தது, வாலைக் காலடியில் சுருட்டிக்கொண்டு. அதை அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் இன்னொரு சுற்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அவன் கேட்கவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"பாத்தியா?"

"பாத்தாச்சுப்பா."

வாய் தானாகச் சொல்லிற்று. அந்தப் பக்கம் அப்பா அம்மாவைக் கூவி அழைப்பது கேட்டது. "ஏய், பாத்துட்டான்டி! உம் புள்ள பாத்துட்டான்!"

"படம் எடுத்தியா?"

போனில் இருந்த ஏதோ ஒரு மலைச்சரிவை அனுப்பினான்.

"எங்கடா இருக்கு? தெரியலியே."

"தேடுங்கப்பா. கழுகுக் கண்ணுதானே உங்களுக்கு?"

அப்பா சிரித்தார். சவாலுக்கு அழைத்தால் அவருக்கு அப்படியொரு சிரிப்பு வரும். சின்னவனும் சிரித்தான். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தான். இரண்டு நாள் தேடுவார், அலுத்துவிடும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உண்மையைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். ஊருக்குத்தான் அவன் போகவில்லை.

இப்போது வந்து நிற்கிறான்.

"மருமகனே, வா, வந்து பாரு," என்று மேசையருகிலிருந்து மாமா அழைத்தார். அம்மாவின் தம்பி. எந்த வீட்டு விசேஷமானாலும், துக்கமானாலும், தன்னை யாரும் கேட்காமலே பொறுப்பேற்றுக்கொள்பவர். அவரைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் கண்டுபிடிச்சிட்டேன். இதோ பாரு, இந்தப் பாறைக்குப் பின்னால காது. ரெண்டும் தெரியுது பாரு."

"காலைல வேற எடத்தக் காட்டுனீங்களே," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அது வாலு. இது காது."

"வாலுக்கும் காதுக்கும் நடுவுல இவ்ளோ தூரமா? என்ன, ரயிலா அது?"

இழவு வீடு என்பதை மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா சின்னவனைப் பார்த்தார். "நீயே சொல்லு. காதுதானே?"

"கூட்டமா இருக்கு மாமா. அப்புறம் பாக்கலாம்," என்று சொல்லி அவன் விலகினான். விலகும்முன் ஒன்றைப் பார்த்துவிட்டான். படத்தின் ஓரங்களெல்லாம் புதுசாக இருந்தன. நடுப்பகுதி மட்டும் விரல் பட்டுப் பட்டு, மெருகு போய், துணி மாதிரி ஆகியிருந்தது.

அது ஏன் என்று அவனுக்குத் தெரியும். சுற்றுலாவிலிருந்து திரும்பிய பிறகு அப்பா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு குறிப்புக் குடுடா. இடப்பக்கமா, வலப்பக்கமா?" சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று தட்டிக் கழித்தான். அப்புறம் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டான். ஒருநாள் பெயிண்ட் கடைக்காரர் ஒருவரோடு வண்ண அட்டையை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது தவறி எடுத்துவிட்டான். "மேலயா கீழயா, அத மட்டும் சொல்லு." "நடுவுலப்பா. நடுவுல பாருங்க. நான் வேலையா இருக்கேன்." கடைக்காரர் யார் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வீட்லேந்து" என்று சொல்லிவிட்டு வெளிர்மஞ்சளுக்குப் போனான்.

நடுவுல என்று வாயில் வந்ததைச் சொன்னான். அந்த மனிதர் நடுவையே தேய்த்துத் தீர்த்திருக்கிறார்.

வெளியே பந்தல் நிழலில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் ஆல்டரேஷன் கடைக்காரர் இருந்தார். பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது என்று சின்னக் கடை. சாயங்காலங்களில் அப்பா அங்கே போய் உட்கார்ந்து, முடித்த துணிகளைச் சரிபார்த்துக் கொடுப்பார். சம்பளத்துக்கு இல்லை, கண்ணுக்கு.

"போன வாரம் வந்தாரு," என்றார் அவர், தெருவைப் பார்த்தபடி. "வந்து, தன்னோட கத்தரி, பூதக்கண்ணாடி ரெண்டையும் எடுத்து பையில போட்டுக்கிட்டாரு. என்ன சார்னேன். 'இனிமே என்னை நம்பாதப்பா, என் கண்ணு போச்சு'ன்னாரு. நான் சும்மா சொல்றாருன்னு நெனச்சேன். மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. நானே வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். 'தப்பான துணிய நான் நல்லதுன்னு அனுப்பிட்டா உன் பேரு கெட்டுடும்'னாரு. அவரு பாத்து அனுப்பின துணில ஒரு நூலு கூட நான் திரும்ப வெட்டினதில்ல தம்பி."

சின்னவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து எங்காவது போய்விடலாம்போல இருந்தது. பெற்றவனின் இழவு வீட்டிலிருந்து எங்கே போக முடியும்? முகம் கன்றிப் போயிருப்பதை அழுகை என்று எடுத்துக்கொண்டு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் அவனைக் கூசச் செய்தது.

அக்கா அவனை அடுக்களைக்குக் கூப்பிட்டனுப்பினாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் உள்ளே வந்ததும் திரும்பாமலே பேசினாள்.

"கண் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரே அடம். கண்ணு போச்சு, போச்சுன்னு. டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, 'இந்த வயசுக்கு உங்க கண்ணு அதிசயம் சார். எனக்கே இவ்ளோ தெரியாது'ன்னாரு. வெளிய வந்து அப்பா என்ன சொன்னாரு தெரியுமா?"

அவன் கழுவிய டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தான்.

"'டாக்டருக்கு என்ன தெரியும்? அவரா மலைக்குப் போனாரு? போய்ட்டு வந்தவன் இருக்குன்றான்'ன்னாரு."

ஒரு டம்ளரை வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு குழாயை மூடினாள். அடுக்களை திடீரென்று அமைதியாகிவிட்டது.

"டேய், என்னைப் பாரு. கண்ணு நல்லாருக்கு. அப்புறம் ஏன் தெரியல? அதுல இருக்கா, இல்லையா?"

இருக்கு என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. இல்லை என்பதும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அவன் முகத்தைப் படித்துப் பழகியவள் அக்கா; அப்பாவுக்கு அடுத்த செக்கர் அந்த வீட்டில் அவள்தான். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"போ," என்றாள். "அம்மா தனியா இருக்கு."

தெருவில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆட்கள் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். மாமாவின் குரல் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்பா வீட்டை விட்டுப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சின்னவனுக்குத் தோன்றியது. அவர் காதில் விழாது என்று தெரியும். ஆனாலும் அவர் படுத்திருக்கிற கூடத்தில், அவருக்கு முன்னால், அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு வாங்குகிற திட்டை வாங்கிக்கொள்ளலாம். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளலாம். இந்த ஊரார் முன்னால் நல்ல பிள்ளையாக நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அம்மாவின் பக்கத்தில் போய்க் கால் மடக்கி உட்கார்ந்தான்.

"அம்மா. அந்தப் படத்துல..."

"படம்னு சொல்லாத," என்றாள் அம்மா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "நேத்தும் அது முன்னாடிதான் உக்காந்திருந்தாரு. நான் டீ கொண்டு போய் வச்சேன். மேசை மேல கவுந்திருந்தாரு. கையில பூதக்கண்ணாடி. அடேயப்பா, இவ்ளோ கிட்டக்க வச்சுப் பாக்குறாரேன்னு நெனச்சேன். 'டீ ஆறுது'ன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டேன். திரும்ப வந்து பாக்குறேன், டீ அப்படியே இருக்கு."

"அம்மா, நான் சொல்றதக் கேளு. அதுல..."

"நீ கேளு மொதல்ல. என் மனசுல ஒண்ணு இருக்கு. உங்கிட்ட சொன்னாத்தான் ஆறும்." அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ படம் அனுப்பின அன்னிக்கே அவரு சொல்லிட்டாருடா. மேலேந்து கீழ, இந்தப் பக்கத்துலேந்து அந்தப் பக்கம், ஒரே ஒரு தடவதான் பாத்தாரு. போனைக் கீழ வச்சிட்டு, 'இதுல ஒண்ணும் இல்லடி. வெறும் கல்லு'ன்னாரு. நான்தான் சண்டைக்குப் போனேன். 'எம் புள்ள அந்தக் குளிர்ல மலை ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றான், நீங்க வீட்ல உக்காந்துகிட்டு இல்லன்றீங்களா? அவன் பொய்யா சொல்றான்? உங்க கண்ணு போச்சு, ஒத்துக்கோங்க'ன்னேன்."

சின்னவனின் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது.

"அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரு கண்ணப் பத்தி ஒரு சொல் சொன்னதில்ல. அன்னிக்குச் சொல்லிட்டேன். சண்டை போடுவாருன்னு பாத்தேன். போடல. போனைத் திரும்பக் கையில எடுத்துக்கிட்டு, 'அவன் பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அப்ப கண்ணுதான் போயிருக்கும்'னாரு. அதுக்கப்புறம்தான் இந்த மேசையே கதின்னு கெடந்தாரு."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். வீங்கிய இமைகளுக்குள் கண்கள் மிகச் சின்னதாக இருந்தன.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லிடலியேடா? அவருக்குக் கண்ணு போயிருந்துச்சுதானே? நீ சொல்லு. நான் வீணா அவரைக் கொன்னுடலியே?"

சின்னவன் சொல்ல வந்த வார்த்தைகள் நாக்கின் நுனியில் இருந்தன. இனி அவற்றைச் சொன்னால், அவை அவனைத் தாண்டிப் போய் இவள் மேல் விழும். மிச்சமிருக்கிற நாளெல்லாம் இவள் அதைச் சுமக்க வேண்டும். அவன் அவற்றை விழுங்கினான். அம்மாவுக்காகத்தான் விழுங்குகிறோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே, தப்பித்துவிட்டோம் என்று உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விட்டதையும் அவன் கவனித்தான். இதைவிடக் கேவலமான ஒரு நிமிடம் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றான்.

அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த அப்பாவின் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தாள். கண்ணாடிக்கு அடியில் சிவப்பு அம்புகள் கொஞ்சம், சுருளிலிருந்து கிழித்தது.

"கண்டுபிடிச்ச ஒடனே ஒட்டணும்னு கூடவே வச்சிட்டிருந்தாரு. நீ போய் ஒட்டிக் குடு. போறதுக்கு முன்னாடி அவரு பாத்துட்டுப் போகட்டும்."

"இப்பவாம்மா? வண்டி வந்தாச்சு."

"நிக்கட்டும்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் வழி விட்டார்கள். மாமா தன் காது சரியா என்று பார்க்க முன்னால் வந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆல்டரேஷன் கடைக்காரர் அவர் தோளுக்கு மேலாக. அடுக்களை நிலையில் அக்கா சாய்ந்து நின்றாள். அவள் மட்டும் படத்தைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். தாழ்வாகத் தொங்கிய விளக்கு அவன் பிடரியைச் சுட்டது. அம்பின் பின்தாளை உரிக்க நகம் பிடிபடவில்லை. உரித்ததும் அது அவன் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

கல்லும் கல்லும் கல்லும். தேய்ந்துபோன நடுவில், மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினான்.

எல்லாத் தலைகளும் அந்த அம்பின் மேல் குனிந்தன. பிறகு ஜெராக்ஸ் கடைக்காரர் நீளமாக மூச்சு விட்டார். "அட! ஆமாய்யா! இதோ முதுகு. இதப் போயி நாம பாக்காம விட்டோமே!"

"நான் காட்டின காது இதுக்கு நேரா மேலதான் இருக்கு," என்றார் மாமா.

"தெரியுது, தெரியுது. படுத்திருக்கு."

"தல இந்தப் பக்கம்."

ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தெரிந்ததா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. தாளின் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் பிடிடா."

இரண்டு பேருமாக அதைக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுபோனார்கள். தூக்கிப்போக வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். தாள் கிழியாமல் இருக்க மெல்ல நடக்க வேண்டியிருந்தது. அப்பாவின் மார்புக்கு மேலாக அதை நிமிர்த்தி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். அம்மா தலைமாட்டுப் பக்கம் சாய்ந்து, அவர் பார்க்கிற பக்கத்திலிருந்து எட்டி, விரலை அம்பின் மேல் வைத்தாள்.

"நடுவுலதாங்க இருந்திருக்கு," என்றாள், மூடிய கண்களிடம். "புள்ள சொன்ன மாதிரியே. பாருங்க. நல்லாப் பாருங்க."

சின்னவன் கால்மாட்டுப் பக்கம், தாளுக்குப் பின்னால் நின்றான். அவன் நின்ற பக்கத்திலிருந்து அப்பாவின் முகம் தெரியவில்லை. வெறும் வெள்ளைத் தாள்தான் தெரிந்தது, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். அம்மா போதும் என்று சொல்லும்வரை அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.